சும்மா இருப்பவளின் நேரம்

செவ்வாய், இரவு.

எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே ஓடும் படகுகளைக் கூட்டினால் செலவுக்குத் தக்க பயன் இருக்குமா என்று அலுவலகத்தில் கணக்குப் போடுகிறோம். பயணிக்கு மிச்சமாகும் நேரத்தை அவருடைய சம்பளத்தால் பெருக்க வேண்டும். இன்று படகுத்துறையில் கஞ்சித் தூக்கோடு நின்ற பெண்ணிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"ஜோலி ஒண்ணும் இல்ல சேட்டா, வீட்டுல சும்மாதான். மாமியார் எர்ணாகுளத்துல ஆஸ்பத்திரியில கிடக்காங்க. மூணு வேளையும் கொண்டு போகணும்."

சம்பளம் இல்லை. அவள் நேரத்துக்குப் பூஜ்யம் போட்டேன். விதி அப்படி. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஏதாவது தேறியிருக்கும். படகில் பாதிப் பேர் அவளைப் போலத்தான்.

மாவு கரைத்த கையோடு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இந்நேரத்துல என்ன எழுதறேள்?"

"சும்மா" என்றேன்.