எட்டு எண்ணும் நேரம்

சிகாகோ,
3 மார்ச் 1986

அடியே டெலோரிஸ்,

நலமா என்று கேட்கமாட்டேன். நியூயார்க் கிளப்புகளில் உன் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்களாம். ஏழு வருடம் ஒரே கண்ணாடி முன்னால் நின்று பெண் வேடம் கட்டினோம். நீ பாடுவாய், நான் கையுறையைக் கழற்றிக் கூட்டத்தைக் கிறங்கடிப்பேன். இன்று நீ பாடகி. நான் பகலில் பஸ் ஓட்டும் வெர்னன், சனிக்கிழமை மட்டும் வெல்மா. வயிறு எரிகிறது, ஒளிப்பானேன்?

உன் புதுப் பாட்டு இசைத்தட்டாக வெளிவரும் முன்பே, நம் கிளப்பில் பாட்டுப் போடும் ஓடிஸுக்கு அதைப் பதிந்த நாடாச் சுருளை அனுப்பினாயாம். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. போய்க் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசிச் சரணத்துக்கு முன் எட்டு எண்ணும் நேரம் சத்தமே இல்லையே, வார்த்தை மறந்துவிட்டதா? "என்னக்கா, நடுவுல பாட்டு செத்துப் போயிருது?" என்று ஓடிஸே கேட்டான். "வெட்டிப் போடுடா, அவ சந்தோஷப்படுவா" என்றேன். சத்தமில்லாத அந்தத் துண்டு நாடாவை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டான். நன்றி சொல்ல வேண்டாம்.

வெல்மா

நியூயார்க்,
10 மார்ச்

வெல்மா,

அது மறதி இல்லை. அது உன் இடது கையுறை. விரல் விரலாக நீ அதைக் கழற்ற எட்டு எண்ணிக்கை ஆகும். ஏழு வருடம் பக்கத்தில் நின்று எண்ணியவள் நான். "அங்க கைதட்டலாவது போடலாமே" என்று இசையமைத்தவர் மல்லுக்கு நின்றார். "அந்த எடத்துல ஒருத்தி வருவா, விட்டுருங்க" என்றேன்.

உன்னை அந்தப் பெரிய ஸ்பீக்கர் முன்னால் நிற்கவைத்துக் கேட்கவைக்கத்தான் ஓடிஸுக்கு அனுப்பினேன். 29ஆம் தேதி அங்கே அந்தச் சுருளை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து பாட வருகிறேன். கூட ஆட உன்னைக் கூப்பிட நினைத்திருந்தேன். இனி வெட்டிய சுருளுக்கே பாடிவிட்டுப் போகிறேன். அதில் உனக்கு இடமில்லை, நீதான் எடுத்துவிட்டாய்.

டெலோரிஸ்

சிகாகோ,
16 மார்ச்

என் டெலோரிஸுக்கு,

ஓடிஸ் வெட்டிய நாடாவை எறியமாட்டான், உனக்குத் தெரியும். பாட்டின் பெயரை எழுதிச் சுவர் ஆணியில் தொங்கவிடுவான். உன்னுடைய ஒன்றரை முழ நாடாவும் அங்கே தொங்கியது. கையில் எடுத்ததும் அழுதுவிட்டேன். "ஒட்டுடா" என்றேன். "வெட்டுன்னதும் நீ, ஒட்டுன்றதும் நீயா? வேற வேலை இல்லையாக்கா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே ஒட்டினான்.

பொறாமை போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். இசைத்தட்டில் உன் பெயர் பெரிதாக இருக்கும். என் இடமோ சத்தமே இல்லாத இடம். ஆனாலும் அது எனக்கு வேண்டும். கையுறையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். நீ கூப்பிடாவிட்டாலும் மேடையோரம் வந்து நிற்பேன்.

ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழுகிறது. ஓடிஸ் என்ன செய்தும் போகவில்லை. மேடையில் அது கேட்டால் என்னை முறைக்காதே. அது என் வயிற்றெரிச்சல். அதற்கப்புறம் எட்டு வரை எண்ணு.

உன்
வெல்மா