வேலியோரத்து வெளிப்பெட்டி

அன்புத் தம்பிக்கு,

ஏசி வாங்கப்போகிறேன் என்றதும், சர்ச் விருந்தில் எல்லோரும் கேட்க, "அண்ணே, மொன்டானா குளிருக்கு ஏசியா? ஜன்னலத் தொறந்து வச்சாப் பத்தாதா?" என்று சிரித்தாயே. அதற்காகவே மீன்பிடிப் படகை விற்று வாங்கினேன். கவர்னர் வீட்டில்கூட இவ்வளவு பெரிது கிடையாது.

உன் தக்காளிச் செடிகள் அனலில் கருகட்டும் என்றுதான் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் வெளிப்பெட்டியை நம் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியோரம் வைத்தேன். கம்பளிக் கோட்டோடு உள்ளே உட்கார்ந்து இரவும் பகலும் ஓடவிட்டேன்.

கருகவில்லை. ஊர்த் தக்காளியெல்லாம் பச்சையாக நிற்க, உன்னுடையது மட்டும் என் அனலைக் குடித்துச் சிவந்து வருகிறது. சனிக்கிழமை காய்கறிக் கண்காட்சியில் முதல் பரிசு உனக்குத்தானாம்.

இன்று ராத்திரி செடிகொடிகளைக் கருக்கும் உறைபனி என்கிறது ரேடியோ. ஏசியை அணைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை விடிந்த பிறகுதான் உன் வாசலில் போடுவேன்.

பாசமுள்ள அண்ணன்