அடுப்பில் போட்ட காந்தம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
14-3-1957

அன்பு மகள் அன்னக்கிளிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் வாய் எங்கள் இரண்டு பேரையும்விட சுகம். சைகோனில் நீயும் மாப்பிள்ளை தணிகாசலமும் அதேபோல் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது, சோறு இறங்கவில்லை. காரணம் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் பார்த்துச் சொல். அவர் என் சைக்கிளுக்கு அனுப்பிய டைனமோவைக் கெடுத்துவிட்டேன்.

மில்லில் டைனமோ ரூமில் ஓர் ஆளுக்கு இடம் காலி. பஞ்சுத் தூசியை விட்டு அங்கே போனால் என் இருமல் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். மேஸ்திரி ஆதிமூலத்தைக் கேட்டதற்கு, "வெளக்கு எப்டி எரியுதுன்னு தெரிஞ்சிகினு வா, பாக்கலாம்" என்றார். நம்மிடமே ஒன்று இருக்கிறதே என்று சைக்கிள் டைனமோவைப் பிரித்தேன். உள்ளே செம்புக் கம்பிச் சுருள், நடுவில் சுற்றுகிற காந்தம், அவ்வளவுதான், இதிலே வெளிச்சம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினேன். காந்தத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. மில்லில் இரும்புச் சாமான்களை நெருப்பில் காட்டித்தான் கிரீஸைப் போக்குவோம், அந்தப் பழக்கத்தில் அடுப்பில் போட்டுச் சிவக்க விட்டேன். உன் அம்மா, "அப்டியே கொழம்புலயும் ஒரு கொதி விடேன்" என்றாள். ஆறவைத்து மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் பல்பு கண்ணே திறக்கவில்லை. பல்பு நல்லது, கம்பியும் நல்லது. காந்தத்தைக் கழற்றிக் குண்டூசிப் பக்கம் கொண்டுபோனேன், ஊசி அசையவில்லை, சூட்டில் அதன் இழுப்பே போய்விட்டது.

நேற்று ஆதிமூலத்திடம் அப்படியே சொல்லிவிட்டேன். கம்பி சும்மா கிடந்தால் வெறும் கம்பிதான், பக்கத்தில் காந்தம் சுற்றினால்தான் அதிலே கரண்டு ஓடுகிறது, அந்தக் கரண்டுதான் பல்பில் வெளிச்சமாகிறது, காந்தம் செத்தால் எல்லாம் இருட்டு என்றேன். அவர் சிரித்துவிட்டு, "யோவ் சாமிக்கண்ணு, நம்ம பெரிய டைனமோவையும் அடுப்புல வெச்சிடுவியா" என்று கேட்டார், ஆனால் பெயரை எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை தெரியும். இல்லையென்றால் மறுபடி பஞ்சுதான். இருமலில் இரண்டு தடவை ரத்தம் வந்தது, வெற்றிலைச் சாறு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ பயப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் நியாயமாகப் போடு. இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, நான் மில்லுக்குப் போன பிறகுதான் தபால் வரும், உன் கடிதத்தை எதிர்வீட்டுக் கொளஞ்சிதான் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். டைனமோவுக்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, இருமலைப் பற்றி ஓர் எழுத்தும் வேண்டாம்.

இப்படிக்கு, உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
சாமிக்கண்ணு