வலது ஸ்பீக்கர் கிட்டே வருகிறது

ஜூன் 2

ஸ்பீக்கர் இரண்டையும் இன்று மாட்டிவிட்டேன். கொழும்பில் ஒரு ஸ்டூடியோக்காரர் கழித்துவிட்ட மொனிட்டர் ஸ்பீக்கர்கள்தான். என் கண்ணுக்குப் புதுசு. தரையில் வைக்க இடமில்லாததால் பின்சுவரில் இரும்புத் தாங்கி அடித்து ஏற்றினேன். எதிரொலி வராமலிருக்க அந்தச் சுவரைப் பஞ்சுப் பலகையால் மூடியிருக்கிறேன், எல்லாம் என் கைவேலை. சுவர் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது.

பிறகு ரூம் கரெக்ஷன். நான் உட்காரும் இடத்தில் மைக்கை நிறுத்தினால், ஸ்பீக்கர் கீழ்ச் சத்தத்திலிருந்து மேல்வரை ஒரு நீள ஊளை விடும். இந்தச் சின்ன அறை எதைக் கூட்டுகிறது, எதை விழுங்குகிறது என்று கம்பியூட்டர் கேட்டுச் சரிசெய்துவிடும். ஸ்பீக்கர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்றும் சொல்லும். இடது 120 சென்ரிமீற்றர். வலது 120. மைக் நின்ற இடத்தில் தரையில் பெயிண்டால் புள்ளி வைத்தேன்.

ஊளையைக் கேட்டு மகள் லோஜினி ஓடிவந்தாள். "அப்பா, பேய்க்கு வவுத்து வலியா?" இரண்டாம் வகுப்பு படிக்கிறது, வாயைப் பார்!

அம்மன் கோயில் திருவிழாவுக்கு எட்டுப் பாட்டு முடித்தாக வேண்டும்.

ஜூன் 9

வலது 119.4. லோஜினி தாங்கியைப் பிடித்துத் தொங்கியிருப்பாள் என்று சத்தம் போட்டேன். இல்லை இல்லை என்று அழுதாள். கிட்டே வந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதமாகப் பாடவைத்து கம்பியூட்டர் சமன் செய்துவிட்டது. பாட்டு இப்போது நன்றாகத்தான் கேட்கிறது.

ஜூன் 14

மூன்று நாளாக மழை விடவில்லை. வலது 118.7.

மைக் புள்ளியில்தான் நிற்கிறது. தாங்கி ஆடவில்லை, நட்டு இறுக்கமாக இருக்கிறது. டேப் வைத்தும் அளந்தேன், அதே அளவு. அப்படியானால் அசைந்தது எது?

ஜூன் 15

பார்க்கவில்லை. பலகையைக் கழற்றிப் பார்க்கப் பயம்.

ஜூன் 17

வலது 118. பலகையைக் கழற்றினேன்.

மேலிருந்து கீழாக வெடிப்பு. சுண்டுவிரல் உள்ளே போகிறது. விரலை எடுத்தால் சேறு. சுவர் வயிறு தள்ளி நிற்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையைத் திரும்ப வைத்து திருகாணியை முறுக்கிவிட்டேன்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில் வரிசையாக எட்டு வீடு. எட்டு வீட்டுக்காரரும் பின்மேட்டை வெட்டித்தான் சமைக்க ஒரு குசினி இறக்கியிருக்கிறோம். தோட்ட ஒபிஸுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார்கள். மற்றவர்கள் வெட்டியது இரண்டடி, மூன்றடி. ஸ்டூடியோ வேண்டும் என்று நான் ஆறடி வெட்டினேன். வாயைத் திறந்தால் ஒபிஸ் வரும், என் ஸ்டூடியோவோடு எட்டுக் குசினியும் போகும். பக்கத்து வீட்டு ஜீவராணி அக்கா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஆற்றிலிருந்து கல் சுமந்து கட்டிய குசினி அது.

வாயைத் திறக்காவிட்டால்?

ஜூன் 18

ஒவ்வொரு தடவையும் திரையில் 'சரிசெய்யப்பட்டது' என்று வந்தது. நானும் சரி சரின்னு அமுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். மேடு நகர்ந்து வருது, அது காதுல விழாம இருக்க மெஷின் வச்சிருக்கேன். பாவி, நான் ஒரு பாவி.

ஜூன் 19

மனைவி கிருஷாந்தியிடம் சொல்லிவிட்டேன். பலகையைக் கழற்றிக் காட்டினேன். வெடிப்பை அவள் பார்த்தது கொஞ்ச நேரம்தான், பிறகு என்னையே பார்த்தாள்.

"புள்ள இந்தச் செவுத்தோரமாத்தானே ஒக்காந்து படிக்கிறா? ரெண்டு நாளா தெரிஞ்சும் வாயமூடிக்கிட்டு இருந்தீங்களா?"

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவளே அக்கம்பக்கத்தைக் கூட்டினாள். ஜீவராணி அக்கா என் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்தினாங்க. "ஒம் பாட்டுக்காக எங்க குசினிய ஒடைக்கணுமா? நீ வெட்டுன குழிக்கு நாங்களா பலி?" மாதர் சங்கத்துக்காரங்க இல்லையா, எட்டு வீட்டுக்கும் கேட்டது. தோட்டக் கமிட்டித் தலைவர் செல்லசாமி அண்ணன் சிரித்தார். "பாட்டுப் பெட்டி சோசியம் சொல்லுதாம்பா!"

எல்லாரும் சிரித்தார்கள்.

ஜூன் 20

கிராம சேவகரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். நான் ஆறடி வெட்டியதையும் சேர்த்தே சொன்னேன்.

ஜூன் 21

மண்சரிவு பார்க்கிற அதிகாரி வந்தார். மேட்டின் உச்சிவரை ஏறி, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். இறங்கி வந்து சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். செல்லசாமி அண்ணன் என்னைப் பார்த்து, "நீயே எல்லாருக்கும் தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். "மேடு நகருதாம். இப்பவே எறங்கணுமாம்."

ஜூன் 24

பள்ளிக்கூட மண்டபத்தில் நான்காம் நாள். எட்டுக் குடும்பம், முப்பத்தொரு பேர். வெட்டிக் கட்டியதையெல்லாம் ஒரு மாதத்தில் உடைக்கச் சொல்லி ஒபிஸ் கடிதம் வந்துவிட்டது. யாரும் என்னோடு பேசுவதில்லை. தேத்தண்ணி ஊற்றும்போதுகூட என் முறைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். லோஜினியை விளையாட்டில் சேர்ப்பதில்லை.

வெளியே நல்ல வெயில். மேடு அப்படியே நிற்கிறது.

விழுந்து தொலைஞ்சா என்ன என்று இன்று நினைத்தேன். ஐயோ, நினைத்தேன். அம்மா தாயே, மன்னிச்சுக்க.

ஜூன் 29

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்க வேண்டுமாம், மண்டபத்தை விடச் சொல்லிவிட்டார்கள். வீடு கட்ட வேறு காணி கேட்டால், கிராம சேவகர் சொல்கிற பதில் "மேல எழுதிருக்கோம்." மழை பெய்தால் வெளியேறவும் என்று ஒரு தாளில் எட்டுக் குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு அதே லயத்துக்கு வந்துவிட்டோம். வேறு எங்கே போவது?

வலது 117.1.

ஜூலை 1

117.1. அசையவில்லை. கட்டிலை வாசல் பக்கம் நகர்த்தினோம்.

ஜூலை 4

சாயங்காலம் ஜீவராணி அக்கா வேலியோரம் வந்து நின்றாங்க. பேச்சு விட்டுப் பதினைந்து நாள். என்னைப் பார்க்காமல் கோழிக்கூட்டைப் பார்த்துக் கேட்டாங்க.

"இன்னைக்கு எவ்வளவு?"

"நூத்திப் பதினேழுக்கா. அப்படியேதான் இருக்கு."

"ம்." போய்விட்டாங்க.

ஜூலை 8

இப்போது எட்டு வீடும் கேட்கிறது. ஊளைச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. செல்லசாமி அண்ணன் மட்டும் நேரில் வருவதில்லை, மனைவியை அனுப்புகிறார். காலை, மத்தியானம், சாயங்காலம் வேலை முடிந்து வந்த பிறகு என்று மூன்று தடவை அளக்கிறேன். கோயில் பாட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களாம். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

என் பயமெல்லாம் வேறு. நம்பர் தப்பாக இருந்தால்? முப்பத்தொரு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மைக்கை ஒரு நூல் தள்ளி வைத்துவிட்டேனென்றால்?

ஜூலை 12

மழை. 116.8.

ஜூலை 13

மழை. 116.2. இறங்கிவிடலாம் என்றேன். "ஒன்னு ரெண்டு புள்ளிக்கெல்லாமா?" என்றார்கள். தாளில் கையெழுத்து வாங்கியவர் ஃபோனை எடுக்கவில்லை.

ஜூலை 14

பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

ஞாயிறு என்பதால் எல்லாரும் வீட்டில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அளந்தேன். 114.9. நம்பாமல் மறுபடி அளந்தேன். 114.3. ஊளை முடிவதற்குள் இடது பக்கமும் மாறிவிட்டது.

வெளியே ஓடினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஜீவராணி அக்கா லோஜினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாங்க. செல்லசாமி அண்ணன் ஒவ்வொரு கதவாக உதைத்துத் திறந்தார். அவருடைய குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

ரோட்டு வளைவில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். முப்பத்தொன்று. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினோம். எண்ணி முடிக்கும்போது மேடு இறங்கியது. மரம் நின்ற வாக்கிலேயே நகர்ந்து வந்தது. லயம் இல்லை. எட்டுக் குசினியும் இல்லை. கிருஷாந்தி என் சட்டையைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

திரும்பவும் இதே மண்டபம். செல்லசாமி அண்ணன் தேத்தண்ணியை முதலில் என்னிடம் நீட்டினார். வாங்கத் தெரியாமல் நின்றேன்.

மழை இன்னும் விடவில்லை. ஜீவராணி அக்கா மண்டபத்தின் பின்ஜன்னலில் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் வெட்டின மேடுதான். இத்தனை நாளும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, இனி எத வச்சு அளக்கப்போற?"

என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். அக்கா போய், பின்சுவரோரம் கிடந்த பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாங்க. மற்ற எல்லாரும் எழுந்து அவங்கவங்க பாயை இழுத்தார்கள். நானும் எங்கள் பாயை இழுத்தேன்.