வலப்பக்கம் விட்ட கம்பி

கானோ சமவெளி,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஒவிதிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். அந்தப் பனி நாட்டில் நீயும் மருமகள் அகெயோவும் நலமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். நலம் என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்து அழிக்க மனமில்லாமல் விட்டிருக்கிறேன்.

போனில் நீ கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று மட்டும் சொன்னேனே, அது உன் அப்பா பக்கத்தில் இருந்ததால். இப்போதெல்லாம் போன் அடித்தால் மனிதர் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறார். நீதான் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிடுகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர் காத்திருப்பது வேறு குரலுக்கு. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். லீவுக்கு வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் நாளைக்குக் கனடா திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புவேன்.

உன் வீட்டுக்குக் கடைக்கால் எப்போது தோண்டுவோம் என்று கேட்டாய். மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டாக வேண்டும் என்று நீ அவசரப்படுவதும் நியாயம்தான். மழை இறங்கிவிட்டால் இந்தக் கரிசல் யார் பேச்சையும் கேட்காது. இப்போது வெயிலில் மண் வெடித்துக் கிடக்கிறது. நேற்று என் செருப்பு ஒரு வெடிப்புக்குள் விழுந்து, குச்சி விட்டுத்தான் எடுத்தேன். ஆனால் மூத்தவன் வீடு நிற்காமல் இளையவன் கல் வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல. கனடாவுக்குப் போனாலும் நீ லுவோ குலத்து வீட்டுப் பிள்ளைதான்.

உன் அண்ணன் ஒகோலாவோடு படகில் ஒமேனா மீன் பிடிக்கப் போய் மூழ்கிய மற்ற இருவரின் உடலையும் ஏரி திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர்களுடைய தாய்மார்கள் கத்தி அழுது தீர்த்துவிட்டு இப்போது நெல் அறுப்புக்குப் போகிறார்கள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வெங்காயம் நறுக்கினால் எல்லோருக்கும் வருகிற தண்ணீர்கூட வருவதில்லை. சந்தையில் என்னை ஒகோலாவின் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது என் பெயரைச் சொல்லி அபோண்டி என்கிறார்கள். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட அவர்களுக்கு வரவில்லை.

ராடிங் சித்தப்பா போன மழையின்போதே வந்து ஒரு வழி சொன்னார். "நாலு கம்பு நட்டு மேல தகரத்தப் போடுவோம் அண்ணி. வீடுன்னு ஒண்ணு நின்னாப் போதும். அப்புறம் வீட்டுக்கு வலப்பக்கம், ஆம்பளையப் பொதைக்கிற எடத்துல, யாகோ காயைத் துணியில சுத்தி, அவன் பேரைச் சொல்லிப் பொதச்சிருவோம். அவனும் நிம்மதியாப் போவான், சின்னவனும் வீடு கட்டுவான்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. உடல் கிடைக்காதவனுக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீளக் காயைப் புதைப்பது நம்மவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். வீடு என்று சொன்னது வரைக்கும் உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். காய் என்றதும் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சித்தப்பா ஒரே காலையில் கொட்டகை போட்டார். பச்சைக் கரிசல் மேலேயே சிமெண்டை மெழுகி, அதைத் தரை என்றும் சொல்லிக்கொண்டார். மழை நீர் இறங்கியதும் மண் வயிறு ஊதிக்கொண்டது. தரை நடுவில் பிளந்தது, நிலை கோணிக்கொண்டது, கதவு இறுகிவிட்டது. உன் அப்பா தோளால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை. அன்றைக்கே தகரத்தை எல்லாம் பிய்த்துப் போட்டார். சித்தப்பா ஓடிவந்து தடுத்தபோது, "எம்புள்ள வந்து கதவைத் தள்ளிப் பாத்துட்டு, நம்ம வீடு இது இல்லை போலன்னு திரும்பிப் போயிருந்தா நீ கொண்டாந்து விடுவியா?" என்று கேட்டார்.

இப்போது ஒடுண்டோ கொத்தனாரை வைத்து ஒகோலாவுக்கு முறையான கடைக்கால் எடுக்கிறார். அறை ஒன்றுதான், ஆனால் குழி என் நெஞ்சளவு. கரிசல் முழுவதையும் வாரி எடுத்து, கீழே வெள்ளையாகக் கெட்டி மண் தட்டும்வரை போகிறார்கள். தோண்டின கரும்மண்ணில் ஒரு சட்டிகூட அந்தக் குழிக்குத் திரும்பப் போகக் கூடாதாம். வயலுக்கு அள்ளிப்போகச் சொல்லிவிட்டார். அடியில் மலைக் கல் அடுக்கி, மேலே செஞ்சரளை கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்கிறார்கள். அந்தச் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்கிறது. சித்தப்பா மட்டும் தூர நின்று, "ஆளில்லாத வீட்டுக்கு இம்புட்டு ஆழமா?" என்று ஒடுண்டோவிடம் முணுமுணுத்தார். உன் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. "ஆள் வருவான். வந்து கல்யாணம் பண்ணுவான். வலப்பக்கம் கம்பியை ஒரு முழம் வெளிய விடு ஒடுண்டோ, புள்ளைங்களுக்கு இன்னொரு அறை சேக்கணும்" என்றார். ஒடுண்டோ என்னைப் பார்த்தான். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை.

உனக்கென்று இறக்கிய கல்லும் கம்பியும்தான் அதற்குள் போகின்றன. கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கோடையில் உன் வீட்டு வேலை நடக்காது. காயைப் புதைத்து முடித்தால்தான் நமக்கு விடிவு என்று நீ நினைக்கிறாய். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் வாயால் அது வராமல் நாம் செய்தால், இந்த மனிதர் சாகும்வரை போனுக்கு ஓடிக்கொண்டுதான் இருப்பார். போனில் யாகோ பேச்சை மட்டும் எடுக்காதே. அம்மா கேட்டுக்கொள்கிறேன்.

குளிருக்கு மூடிப் படு. அகெயோவுக்கு என் அன்பு.

உன் அம்மா,
அபோண்டி

*

கானோ சமவெளி,
ஏப்ரல்

அன்பு மகன் ஒவிதிக்கு,

உன் கடிதமும் அகெயோ அனுப்பிய கம்பளிச் சட்டையும் வந்து சேர்ந்தன. இந்த ஊரில் அதை எப்போது போடுவேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போனேன். வியர்த்துக் கொட்டியது. இரண்டு பெண்கள் நல்ல சட்டை என்றார்கள்.

கான்கிரீட் போட்ட அன்று ஊரே வந்தது. விடிந்ததும் ஆரம்பித்தார்கள், வெயில் ஏறிவிட்டால் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்று ஒடுண்டோ அவசரப்படுத்தினான். சரளைக்கு மேல் பாலித்தீன் தாள் விரித்து, அதற்குமேல் கம்பி வலை. ஆண்கள் வரிசையாக நின்று சட்டி கை மாற்றினார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தோம். எல்லோருக்கும் சோளக்களியும் பீன்ஸும் சமைத்தேன். ஒருத்தர்கூட மீன் எங்கே என்று கேட்கவில்லை. நம் வீட்டில் மீன் வாசம் வந்து நாளாகிறது. இரண்டு தளங்கள் போடுகிற அளவுக்குக் கலவை போகிறதே என்று சித்தப்பா புலம்பினாலும் அன்று அதிகம் சட்டி தூக்கியது அவர்தான். உன்னிடம் சொல்லச் சொன்னார்.

அதற்குப் பிறகு உன் அப்பாவுக்கு ஒரே வேலை, தளத்துக்குத் தண்ணீர் விடுவது. சாக்குகளை நனைத்துப் போர்த்தி, காய்ந்தால் மறுபடி நனைத்து, காய்ச்சல்காரன் பக்கத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். "வெளிய காஞ்சு உள்ள வெந்துட்டா வெடிச்சிரும்" என்பார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒருநாள் என் முழங்காலைக் கிழித்துவிட்டது. ரத்தம் வந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை.

சுவர் எழும்பி, தகரம் ஏறி, நிலையும் கதவும் வைத்தாயிற்று. சுவரடியில் மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்கச் சுற்றிலும் சரிவாகச் சிமெண்ட் போட்டிருக்கிறான் ஒடுண்டோ. வலப்பக்கம் மட்டும் கம்பிக்காக விட்டுவைத்தான்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் வழக்கம்போல ஊதியது. தேவாலயத்துப் பின்சுவரில் என் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. நம் சமையலறைக் கதவு தரையில் இழுக்கிறது, காலால் உதைத்துத்தான் திறக்கிறேன். உன் அப்பா நனைந்துகொண்டே ஒகோலா வீட்டுக்குப் போனார். கதவில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். திறந்துகொண்டது. மூடினார், மறுபடி தள்ளினார். அன்று முழுவதும் மழை பெய்தது, அவரும் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். அந்தக் கதவைத் தள்ள வேறு யாரும் வரவில்லை.

மூன்றாவது நாள் மழை விட்ட நேரத்தில் உள்ளே போய் வெறுந்தரையில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். தரையைக் கையால் தடவிப் பார்த்து, "நல்ல தரை. ஒரு கீறல் இல்லை" என்றார். ஆமாம் என்றேன். "வரணும்னா வந்திருப்பான் இல்ல?" என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

பிறகு ஒடுண்டோவைக் கூப்பிட்டனுப்பி இரும்பு அறுக்கிற வாளைக் கேட்டார். எதற்கு என்று கேட்டான். கம்பியை அறுக்க என்றார். "இன்னொரு அறை சேக்கணும்னு நீங்கதானே விடச் சொன்னீங்க பெரியவரே, இப்ப அறுத்துட்டா அப்புறம் ஒட்டாதே" என்று அவன் பதறினான். உன் அப்பா சத்தம் போடாமல், "வலப்பக்கம் குழி வரணும்ப்பா. கம்பி இருந்தா எறக்கும்போது துணியக் கிழிச்சிரும்" என்றார்.

ஒடுண்டோ தானே அறுப்பதாகச் சொன்னான், உன் அப்பா வாளைக் கொடுக்கவில்லை. அவரே மண்டியிட்டு அறுத்தார். கம்பி ஆடியது. ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக அறுந்து என் கையோடு வந்தது, சூடாக இருந்தது. முடிந்ததும் வாளைத் துடைத்து ஒடுண்டோவிடம் கொடுத்துவிட்டு என்னிடம், "யாகோ காய் நல்ல நீளமானதாப் பாத்து எடுக்கணும். அவன் உயரமான பையன்" என்றார்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன். நீ வந்தால் வருமோ என்னவோ.

நீ வர வேண்டும். காயைக் குழிக்குள் தம்பி கைதான் இறக்க வேண்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். நேற்று உன் போன் வந்தபோது அவர் ஓடி வரவில்லை, கவனித்தாயா? மெதுவாக வந்தார். வந்து, உன் குரலைக் கேட்கத்தான் நின்றார். மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் உனக்குக் கடைக்கால் எடுக்கலாம் என்று ஒடுண்டோவிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். அதே ஆழம், அதே சரளை. உன் வீட்டில் கம்பியை எல்லாப் பக்கமும் நீளமாக விடச் சொல்லப் போகிறேன். அதில் என் பேச்சுத்தான் நடக்கும், சொல்லிவிட்டேன்.

படகில் எதற்காகவும் ஏறாதே. விமானத்திலேயே வா. எந்த மழையிலும் உன் கதவு ஒரு விரலுக்குத் திறக்கட்டும், திறக்க ஆள் இருக்கட்டும்.

ஒகோலாவுக்கும் உனக்கும் அம்மா