கனத்த குரல் தேவை

நவம்பர் 27

எங்கள் பேப்பரில் வரி விளம்பரம் இன்று இரண்டு பக்கத்துக்கு ஓடிவிட்டது. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க இந்த ஊருக்கு விற்கவும் வாங்கவும் ஒரு வெறி பிடித்துக்கொள்கிறது. ஒரு கிளை உடைந்த பிளாஸ்டிக் மரம் விற்பனைக்கு. விருந்தாளிகள் வருவதால் கட்டில் வாடகைக்கு வேண்டும், உறுதியானதாக. கேக் ஆர்டர் எடுக்கப்படும், முட்டை இல்லாமலும். இத்தனைக்கும் கவுண்டரில் நான் ஒருத்தி. போனில் விளம்பரம் எழுதிக்கொள்ளும் பெண் அடுத்த மாதம்தான் பிரசவ லீவு என்று சொல்லியிருந்தாள். குழந்தை யாரையும் கேட்காமல் முந்தாநாளே பிறந்துவிட்டது.

எங்கள் மேலாளரை எல்லாரும் கத்தரி என்போம். விளம்பரத்தில் ஒரு வார்த்தை அதிகம் இருந்தாலும் வெட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. "கையெழுத்து நல்லா இருக்கற ஆளா யாரையாவது கூட்டிட்டு வாம்மா, பண்டிகை முடியற வரைக்கும்" என்றார்.

முத்து முத்தாக எழுதுகிற ஒருவர் எங்கள் வீட்டிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எப்படிக் கேட்பது?

நவம்பர் 28

கேட்டுவிட்டேன். அண்ணி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தலையை ஆட்டினார். சரி என்றா, யோசிக்கிறேன் என்றா, தெரியவில்லை.

என் நாத்தனார் வாய் திறந்து பேசுவதில்லை என்றால் தோழிகள் "குடுத்து வச்சவ" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய தொண்டை அது. மூன்று அறை தாண்டி என்னை எழுப்பியிருக்கிறது. இந்த வருஷ ஆரம்பத்தில் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டியில் ஆபத்து ஏதும் இல்லை. குரல்தான் போயிற்று. போயிற்று என்றுகூடச் சொல்லக் கூடாது, வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஆண் குரல். அதிலும் ஜலதோஷம் பிடித்த ஆண் குரல். சிலருக்கு அப்படி ஆவதுண்டு, சரியானாலும் ஆகலாம், இப்படியே இருந்தாலும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நீண்ட லீவு. வீட்டிலும் தலையாட்டல்தான், கைதட்டல்தான். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வருகிறாரா, வேலையை விடுகிறாரா என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லியாக வேண்டும். விடத்தான் போகிறார் என்று வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லும்போது அக்கா இருக்கும் அறைப் பக்கமே பார்க்கவில்லை.

டிசம்பர் 1

வந்துவிட்டார்! என் பின்னால் ஒரு மேசை. வந்த காகிதங்களைப் பார்த்து நல்ல பிரதி எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. "போனைத் தொட வேண்டாம் அண்ணி, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தேன்.

மதியத்துக்கு மேல் கவுண்டரில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். தன் தையல் மெஷினை 'ஓரளவு புதியது' என்று போட வேண்டுமாம். 'பழையது' என்றால் மரியாதை இல்லையாம். பின்னால் போன் அடிக்கிறது, அடிக்கிறது, நிற்கவே இல்லை. திடீரென்று நின்றது.

"சொல்லுங்க."

தையல் மெஷின்காரர்கூட எட்டிப் பார்த்தார். அறையே அதிர்கிற மாதிரி ஒரு குரல். கத்தரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ம்... எந்தத் தெரு? ம்... மாடியா, கீழயா? சரி. போட்டுடறோம்." மறுமுனையில் இருந்தவர் "ரொம்ப நன்றி சார்" என்றது எனக்கே கேட்டது. அண்ணி திருத்தவில்லை. ரிசீவரை வைத்தார். உடனே மறுபடி அடித்தது. மறுபடி எடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அவங்களுக்கு என் பழைய குரல் தெரியாதுல்ல."

எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம்! நான் 'ஆமாம் அண்ணி' என்பதற்கு மேல் ஏதும் சொல்லிக் கெடுத்துவிடாமல் வந்ததே பெரிய விஷயம்.

டிசம்பர் 4

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலி. ஒரு பெரியவர் போன் செய்தார். பூனையைக் காணோம். 'நல்ல பூனை, காணவில்லை' என்று போடுங்கள் என்றார். நானாக இருந்தால் அப்படியே எழுதி அனுப்பியிருப்பேன். அண்ணி விடவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பென்சில் எங்கே போயிற்று என்று விசாரிப்பது போல ஆரம்பித்தார். என்ன நிறம்? வால் எப்படி? பேர் சொல்லிக் கூப்பிட்டால் வருமா?

"வராது சார். அது கூப்பிட்டா நான்தான் போவேன்."

அண்ணி எழுதியது: 'சாம்பல் நிறப் பூனை. வால் நுனி வெள்ளை. கூப்பிட்டால் வராது. பார்த்தவர்கள் கூப்பிடாமல் எங்களிடம் சொல்லவும்.'

கத்தரி அதைப் படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டு மறுபடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவர் ஒரு விளம்பரத்தை வெட்டாமல் விட்டதை இந்த வேலைக்கு வந்த பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

டிசம்பர் 6

பூனை கிடைத்துவிட்டதாம். பெரியவர் அந்த 'சாரிடம்' சொல்லச் சொன்னார்.

டிசம்பர் 8

பெரிய கடைத்தெருப் பொம்மைக்கடைக்காரர் போனில் கொடுத்த விளம்பரம்: 'கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்துக்கு ஆள் தேவை. கனத்த குரல் அவசியம்.' அண்ணி எழுதி முடித்து, வழக்கம்போல ஒருமுறை வாசித்துக் காட்டினார். கடைக்காரர் கடைசி வரை கேட்டார். பிறகு, "சார், விளம்பரம் கிடக்கட்டும். உங்க குரல்தான் சார் நான் கேக்கறது. சாயங்காலம் மட்டும், நீங்களே வந்துட முடியுமா?"

அண்ணி சட்டென்று ரிசீவரை வைத்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அவமானமோ என்று பயந்தேன். நானே அந்தக் காகிதத்தை எடுத்து அச்சுக்கு அனுப்பும் தட்டில் போட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி அதை எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணி?"

"இத போட வேணாம்."

"ஏன்?"

"ஆள் கிடைச்சாச்சு."

டிசம்பர் 9

வீட்டில் பெரிய ரகளை. ரகளை என்றால் வீட்டுக்காரர் தனியாகப் போட்டது. "ஊரே சிரிக்கும்க்கா. ஒரு டீச்சர், தாடிய ஒட்டிக்கிட்டு கடையில போய் உக்காருவியா? உனக்கு என்ன குறை வச்சோம்?" அண்ணி அவருடைய கண்ணாடிக் கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, வாசலைக் காட்டினார். நேரமாகிவிட்டது, கடையைத் திற என்று அர்த்தம். வாய் திறக்காமலே ஒரு மனுஷனை இவ்வளவு கச்சிதமாக வெளியே அனுப்ப முடியுமா?

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சொல்லவில்லை.

டிசம்பர் 10

'சாயங்காலம் வருகிறோம்' என்று காலையிலேயே ஆபீஸிலிருந்து நான் கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். துணைக்கு நானும் போனேன். பொம்மைக்கடைக்காரர் எங்கள் தலைக்கு மேலே தெருவை எட்டி எட்டிப் பார்த்தார். "சார் வரலையாம்மா?"

"நான்தான் சார்" என்றார் அண்ணி.

அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையில் வைத்திருந்த பொம்மை ரயிலைக் கீழே வைக்கவும் தோன்றாமல், மாற்றி மாற்றி எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க." அண்ணி சொன்னார். "தாடி வச்சா யாருக்குங்க தெரியப் போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிவப்பு அங்கியை எடுத்து வந்தார். அண்ணி ஒல்லி. வயிற்றுக்கு நாளை எங்கள் வீட்டுத் தலையணைகள் போகின்றன. வீட்டுக்காரருடையதைத்தான் முதலில் எடுத்துவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 14

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வரிசை கடைக்கு வெளியே நடைபாதை வரைக்கும். நான் பொம்மை வீடுகள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் நிறுத்தி, "ம், சொல்லு" என்று குனிந்து கேட்கிறார். அவசரமே இல்லை. பிள்ளை சொல்லி முடிக்கும் வரைக்கும் அந்தக் கண்கள் வேறு எங்கும் போவதில்லை. காது கொடுத்துக் கேட்பதும் ஒரு திறமை என்று இந்த அம்மாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்பல் இல்லாத ஒரு சிறுமி வந்தாள். ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது. அண்ணி பேச்சுக்கு முன்னால் குனிந்து அதைக் கட்டினார், இரண்டு முடிச்சாக. சிறுமி அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு சத்தமாக,

"மிஸ்!"

வரிசை மொத்தமும் திரும்பியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவரிடம் படித்த பிள்ளை! அண்ணி அசையவில்லை.

"மிஸ், உங்களுக்கு என்ன ஆச்சு? குரல் ஏன் இப்படி இருக்கு?"

ஐயோ, எதாவது சொல்லுங்க அண்ணி, இல்ல எழுந்து உள்ளயாவது போயிடுங்க — நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணி மெல்லத் தாடியைக் கீழே இழுத்தார். முழு முகம் தெரிந்தது. "கழுத்துல வைத்தியம் பண்ணாங்க. அப்புறம் இப்படி ஆயிடுச்சு."

"வலிக்குதா?"

"இல்ல."

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கரடி மாதிரி பேசுங்க."

அண்ணி எழுந்து நின்றார். தலையணை ஒருபக்கம் சரிந்திருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் உறுமினார் பாருங்கள் — பொம்மை அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது! பிள்ளைகள் அலறின. அலறிவிட்டு, "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" வரிசை கலைந்து அவரைச் சுற்றி வட்டமாகிவிட்டது. நான் பொம்மை வீட்டின் கூரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற அம்மாள் "உங்க அம்மாவா?" என்றாள். "என் நாத்தனார்" என்றேன். இந்தச் சொல்லை இவ்வளவு பெருமையாக நான் சொன்னதே இல்லை.

டிசம்பர் 16

எழுதவே பிடிக்கவில்லை. பொம்மைக்கடைக்காரர் கவுண்டருக்கு நேரே வந்தார். யாரோ இரண்டு பேர் புகார் சொன்னார்களாம். தாத்தா என்று போர்டு வைத்துவிட்டுப் பெண்ணை உட்கார வைத்து ஏமாற்றுகிறீர்களா என்று. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வியாபாரம். மறுபடி விளம்பரம் போடணும். ஆண்னு போட்டுடுங்க."

"இந்த விளம்பரத்த நான் எழுத மாட்டேன். போங்க" என்றேன். கத்தரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேலை போனாலும் போகட்டும்!

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம். அண்ணி வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் தரையைப் பார்த்தார். அண்ணி எழுதினார். எழுதி முடித்து, எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவது போலவே அவருக்கும் வாசித்தார். ஒரு நடுக்கம் இல்லை.

"கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்துக்கு ஆண் தேவை. கனத்த குரல். குழந்தைகளிடம் பொறுமை அவசியம்."

"பொறுமைன்னு நான் சொல்லலையே..."

"நான் சொல்றேன். அது இல்லாத ஆள் வந்தா பிள்ளைங்க அழும்."

தன் இடத்துக்கு வேறு ஆள் தேடும் விளம்பரத்தை இத்தனை அக்கறையாக யார் எழுதுவார்கள்? நானாக இருந்தால் மையைக் கொட்டியிருப்பேன்.

டிசம்பர் 17

விளம்பரம் வந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கும் மூட்டைப்பூச்சி மருந்துக்கும் நடுவில். இடம் ஒதுக்கியது கத்தரி. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 19

மதியம் ஆபீஸில் கூட்டம் இல்லை. அண்ணி தானாகவே ரிசீவரை எடுத்து எண்களைச் சுழற்றினார். விளம்பரக்காரர் யாரிடமோ சந்தேகம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"வணக்கம். நான் பேசறேன்."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் பழக்கமானது. பள்ளித் தலைமை ஆசிரியை. "யாரு சார்? எந்தப் பிள்ளையோட அப்பா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். வைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா இல்ல மேடம். ஒண்ணாம் வகுப்பு டீச்சர்."

அப்புறம் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசியது. அண்ணி ம், ம் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஆமா, இப்படித்தான் இருக்கும். பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு பழைய வாஷிங் மெஷினைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று சுத்தமாக ஞாபகம் இல்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். லீவு. தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்று காலையிலேயே அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வீட்ல யாரோ ஆம்பளை கத்தற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கத் தெரியாமல், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவர், வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மோட்டாரை விட்டது நான்தான். சொல்லவில்லை. நன்றாகச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

ஜனவரி 8

வரி விளம்பரம் அரைப் பக்கத்துக்குச் சுருங்கிவிட்டது.

அண்ணி சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். உடுப்பெல்லாம் சாக்பீஸ் தூள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்பளித்தார். பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"நாளைக்கு லீவு போட்டுடுங்க அண்ணி. தொண்டைக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

கையை ஆட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கிட்டத்தட்ட காதில்தான் சொன்னார்.

"லீவா? நாளைக்குக் கழித்தல் ஆரம்பிக்கறேன். ஸ்கூல் திறந்த வாரம் பிள்ளைங்கள அதட்டி அதட்டி இப்படித்தான் ஆகும். ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்பு, தலைமை ஆசிரியை... இந்த வாரம் எங்க எல்லாருக்குமே இந்தக் குரல்தான். போ, இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டா."