தகரம் மட்டும்தான் உங்களுது

பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். உடம்பளவுல இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், மனசைப் பத்திக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர்ல சளி இருமல் எதுவும் அண்டாம இருக்கணும். போன வாரம் போன்ல நீ கேட்டே, ஒரு பழைய காருக்காகவாப்பா பெத்த பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தினீங்கன்னு. நான் போனை அம்மா கையில கொடுத்துட்டேன். உன் அண்ணன் உன்கிட்ட முந்திக்கிட்டான், முதல்ல சொன்னவன் சொன்னது நடந்ததாயிடும், அப்புறம் சொல்றவன் சொல்றது சாக்காயிடும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிடறேன், வாயால சொன்னா பாதியிலேயே கத்திடுவேன்.

அந்தக் கார் எங்களுக்கு என்னன்னு உனக்குத் தெரியாததில்லை. திரைச்சீலை தைக்கிற வீட்டுல கார் பாதி ஆள். பின்சீட்டுல துணி உருளை, மேல கம்பி, டிக்கியில ஏணி, முன்னால உங்கம்மா மடியில கொக்கி டப்பா. அப்படியேதான் உங்களை ரெண்டு பேரையும் படிக்க வச்சோம். அதை உன் அண்ணன் சிநேகிதங்களோட மலைக்கு எடுத்துட்டுப் போனான். ஏறும்போதே சூடு காட்டுற முள் சிவப்புக்குப் போயிருக்கு, நிறுத்தாம ஓட்டியிருக்கான். மேல போய் ஆற வச்சுக்கலாம்னு நினைச்சானாம். வண்டியைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து சேர்த்தாங்க. பட்டறைக்காரர் எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துட்டு, மேல் மூடி வளைஞ்சுபோச்சு, கீழ பிளாக்லயே விரிசல், இதை ஒட்ட வச்சாலும் நிக்காது, வேற எஞ்சின் பாருங்கன்னு சொல்லிட்டார். நான் உன் அண்ணனை ஒரு வார்த்தை சொல்லலை. இதை அவன் உன்கிட்ட சொன்னானான்னு கேளு.

நானே பழைய எஞ்சின் விக்கிற இடத்துக்குப் போனேன். எண்ணெய் ஊறின மண்ணுல, கழட்டின டயர் மேல ஒவ்வொண்ணா உட்கார வச்சிருப்பாங்க, ஓட்டையில எல்லாம் கந்தல் துணி அடைச்சு. ரெண்டு நாள் அலைஞ்சதுல நம்ம வண்டியோட அதே எஞ்சின் ஒண்ணு கிடைச்சது. பின்பக்கம் அடிபட்டு நொறுங்கின வண்டியில இருந்து எடுத்தது, முன்னால ஒரு கீறல் இல்லை. கடைக்காரன் தரையிலேயே வச்சு பேட்டரி மாட்டி ஓட்டிக் காட்டினான், புகை இல்லை, தட்டுற சத்தம் இல்லை. அதே எஞ்சின்னா அது உட்கார்ற தாங்கி, கியர் பெட்டி, ஒயர் எதையும் தொட வேண்டாம், இறக்கி மாட்டிட்டு ஓட்ட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எஞ்சின், மாட்டுற கூலி, புது பெல்ட்டு, தண்ணி பம்ப்பு, எண்ணெய், எதுக்கும் இருக்கட்டும்னு மூணுல ஒரு பங்கு தனியா. எல்லாம் போட்டும் அம்மாவுக்கு மோட்டார் தையல் மெஷின் வாங்க எடுத்து வச்சிருந்த பணத்தைத் தொட வேண்டியதில்லை. அவளுக்கு முழங்கால் வீங்கி வீங்கி வடியுது, இன்னும் எத்தனை நாள் மிதிப்பா.

உன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டுல இருந்து நிமிர்ந்து, செத்துப்போன அதே எஞ்சினையே திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேங்கிறீங்களேப்பான்னான். புது வண்டியோட பெரிய எஞ்சின் ஒண்ணு தனக்குத் தெரிஞ்சவன்கிட்ட இருக்காம், அதைப் போட்டா அஞ்சு பேர் உட்கார்ந்து மலை ஏறினாலும் மூச்சு வாங்காதாம். போன்ல படம் படமா காட்டினான். எங்க வேலைக்கு மலை எங்கடா வந்துச்சு, மாடிப்படிதானே ஏறறோம்னேன். அண்ணிகூடச் சிரிச்சா. அவன் சிரிக்கலை. பாதிப் பணம் நான் போடறேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னான். பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் கையைத் துடைச்சுக்கிட்டே, செய்யலாம் சார், செய்ய முடியாதது என்ன இருக்குன்னார். அவருக்கு என்ன, பெரிய வேலைன்னா பெரிய கூலி, அவர் ஏன் வேண்டாம்னு சொல்லப்போறார். நான் அப்பவும் பிடிகொடுக்கலை. உங்கம்மாதான், ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறான், எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்கன்னா. சரின்னுட்டேன்.

அந்த எஞ்சின் வந்து இறங்கினதும்தான் அது தனியா வராதுன்னு புரிஞ்சது. நம்ம தாங்கியில அது உட்காரலை, புதுசா ஒண்ணு வெட்டி வெல்டிங் வச்சாங்க. நம்ம கியர் பெட்டி அதோட சேராது, அதுக்கு உண்டானதை வாங்கு. அது கொதிக்கிற கொதிப்புக்கு நம்ம ரேடியேட்டர் பத்தாது, பெருசு வாங்கு. அதை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி, ஒயர் கட்டு, பெட்ரோல் பம்ப்பு. கனம் தாங்காம முன்பக்கம் தாழ்ந்து போச்சு, ஸ்பிரிங் சுருளை மாத்து. இவ்வளவு வேகத்துக்குப் பழைய பிரேக் பிடிக்காது, அதையும் மாத்து. எஞ்சின் விலையைப் போல ரெண்டு பங்கு அதைக் குடிவைக்கவே போச்சு. ஒவ்வொரு தடவையும் உன் அண்ணன், இது ஒண்ணுதாம்பா, இதோட முடிஞ்சதும்பான். அவனோட பாதி, சம்பளம் வரட்டும் சம்பளம் வரட்டும்னு நின்னுபோச்சு, முதல்ல கொடுத்த கொஞ்சத்தோட சரி. மோட்டார் மெஷின் பணம் மொத்தமும் அந்தப் பட்டறைக்குள்ள போச்சு. மூணு வாரம்னவர் நாலு மாசம் ஆக்கினார். நாங்க துணி உருளையைத் தூக்கிக்கிட்டுப் பஸ்ல போனோம். கம்பியை ஏத்தாதேன்னு கண்டக்டர் ஒருநாள் இறக்கியே விட்டுட்டார். ஒரு லாட்ஜ்ல அத்தனை ரூமுக்கும் திரைச்சீலை மாட்டுற வேலை வந்தது, வண்டி இல்லாம எப்படிக் கொண்டு வருவீங்கன்னு கேட்டு மேனேஜர் வேற ஆளுக்குக் கொடுத்துட்டார்.

வண்டி வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா ஓட்டினது அவன். சாவியைக் கேட்டா, உங்களுக்கு இந்தப் பவர் பழக்கமில்லைப்பா, கால் பட்டாலே பாயும், கொஞ்ச நாள் நான் ஓட்டிப் பதமாக்கித் தரேம்பான். பதமாக்கறதுக்கு ஆபீஸ் போனான், ஆபீஸ்ல இருந்து சினிமாவுக்குப் போனான், அப்புறம் வேலை மாறுதல்னு அண்ணியைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்கே போயிட்டான், வண்டியோட. ஒரு மாசத்துல கொண்டுவந்து விடறேன்னான். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வந்தான், அதுவும் என்னைப் பார்க்க இல்லை. மாத்தின எஞ்சின் நம்பரை ஆர்சி புத்தகத்துல ஏத்தணும், அதுக்குச் சொந்தக்காரன் கையெழுத்தும் வேணும், ஆளும் நேர்ல வரணும். போட்டேன். அடியில இன்னொரு தாள் இருந்தது. வண்டியை அவன் பேருக்கு மாத்தறதுக்கு. இது என்னடான்னேன். ஓட்டறது நான், பேர் மட்டும் உங்களுக்கு எதுக்குன்னான். அம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னு, போட்டுக் கொடுத்துடுங்களேன்னா. நான் பேனாவை மூடி வச்சுட்டு, முதல்ல நம்பர் வேலை முடியட்டும்னு அவனோட கிளம்பினேன்.

ஆர்டிஓ ஆபீஸ் பின்னால ஒரு மைதானம். ஆய்வாளர் மூடியைத் திறந்து, எஞ்சின்ல நம்பர் அடிச்ச இடத்தைத் துணியால துடைச்சுப் பார்த்து எழுதிக்கிட்டார். யாருங்க ஓனர்னார். நான் கையைத் தூக்கினேன். ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க, பிரேக் பார்க்கணும்னார். உன் அண்ணன் சாவியோட முன்னால போனான், அவர், ஓனர் ஓட்டட்டும்னு சொல்லிட்டார். அத்தனை செலவழிச்ச எஞ்சினை அன்னைக்குத்தான் பாப்பா நான் முதல் தடவை ஓட்டினேன். அவன் சொன்ன மாதிரி பாயலை, சொன்ன பேச்சைக் கேட்டது. பிரேக் பிடிச்சுக் காட்டினேன், அவர் தலையாட்டி முத்திரை போட்டுட்டு உள்ளே போனார். வாசல் கேட் பக்கத்துல உன் அண்ணன், நிறுத்துங்கப்பா நான் ஓட்டறேன்னு கையைக் காட்டிக்கிட்டு நின்னான். நிறுத்தணும்னுதான் கால் பிரேக் மேல போச்சு. போன கால் திரும்பி வந்துடுச்சு. கண்ணாடியில பார்த்தேன், தூக்கின கையை இறக்காமயே நின்னுக்கிட்டு இருந்தான். நேரா வீட்டுக்கு வந்து வண்டியை உள்ள விட்டுக் கேட்டைப் பூட்டினேன்.

ஆட்டோ பிடிச்சு வந்து தெருவே பார்க்கக் கத்தினான். இந்தக் கார்ல உங்களுதுன்னு தகரம் மட்டும்தான் இருக்கு, ஓடறது எல்லாம் நான் தேடிக் கொண்டுவந்து போட்டதுன்னான். யார் பணத்துலடான்னு நான் கேட்டிருக்கணும், கேட்கலை. அப்ப தகரத்தை விட்டுட்டு உன் எஞ்சினைக் கழட்டிக்கிட்டுப் போடான்னேன். இதுதான் நான் துரத்தினது. அவன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போனான். இப்ப போன் பண்ணா அம்மாவோட மட்டும் பேசறான், நான் எடுத்தா வச்சுடறான்.

உங்கம்மா என்கிட்ட சண்டை போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நான் உங்ககிட்ட காரைக் கேட்டேனா, பிள்ளையைத்தானே கேட்டேன்னு ஒரே ஒரு தடவை சொன்னா. அதோட அந்த வண்டியில ஏறறதில்லை. போன ஞாயித்துக்கிழமை ஒரு பல் டாக்டர் வீட்டுல ஜன்னலுக்கெல்லாம் மாட்டுற வேலை. துணி, கம்பி, ஏணி எல்லாம் ஏத்திட்டு முன்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன். கொக்கி டப்பாவை எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டி நடந்து போய்ப் பஸ் ஸ்டாப்புல நின்னா. அந்தக் காலை வச்சுக்கிட்டு. என்ன செய்யச் சொல்றே, நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். அது நின்ன இடத்துலயெல்லாம் நின்னேன், பின்னால வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டினான். அங்க போய் நான் ஏணியில, அவ கீழ. இன்னும் ஒரு அங்குலம் ஏத்துங்க, இடது பக்கம் தொங்குது, அவ்வளவுதான் பேச்சு. முடிச்சுட்டுத் திரும்பவும் அவ பஸ்ல, நான் பின்னால. பஸ்ஸோட பின்கண்ணாடியில அவ தலை தெரிஞ்சது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தா, நான் வரேனான்னு.

பாப்பா, எனக்காக நீ யார்கிட்டயும் பரிஞ்சு பேச வேண்டாம், உன் அண்ணன்கிட்ட பேசவே வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் பண்ணு, முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லு, நீ சொன்னா கேட்பா. காரைப் பத்தி எடுக்காதே. மாப்பிள்ளை அங்க பழைய வண்டி வாங்கறதாச் சொன்னியே, எஞ்சினை ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்டுட்டு வாங்கச் சொல்லு, யார் பேர்ல எழுதறதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. குழந்தை பேச ஆரம்பிச்சுட்டான்னா எனக்கும் ஒரு வார்த்தை கேட்க வை. நீங்க மூணு பேரும் எந்தக் குறையும் இல்லாம, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நூறு வருஷம் இருக்கணும். இந்தக் கடிதத்தை அம்மாகிட்ட சொல்லிடாதே.

இப்படிக்கு,
உன்மேல கோபமே இல்லாத
அப்பா